ஆவிகளை அழைத்த மருத்துவரின் அசல் குற்றம்

நத்தானியல் ஹாதார்ன் 1850இல் வெளியிட்ட ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ நாவலில் சில்லிங்வொர்த் என்றொரு மருத்துவர் வருகிறார். பழிவாங்கும் வெறியில் நோயாளியின் உயிரை அணுஅணுவாக உறிஞ்சுபவர். அவர்மேல் ஊருக்குச் சந்தேகம் எழும் இடத்தில் ஒரு முதியவர் பழைய கதையொன்றைச் சொல்கிறார்: இவரை லண்டனில் வேறு பெயரில், டாக்டர் ஃபோர்மனோடு பார்த்திருக்கிறேன். மந்திரவாதி, ஓவர்பரி கொலையில் பெயர் அடிபட்டவர் என்பதற்கு மேல் ஃபோர்மனைப் பற்றி நாவல் எதுவும் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. சைமன் ஃபோர்மன் இறந்து 239 ஆண்டுகள் ஆன பிறகும், கெட்ட மருத்துவர் என்ற எண்ணத்தை எழுப்ப அந்தப் பெயர் ஒன்றே போதுமானதாக இருந்தது.

ஃபோர்மன் கெட்ட மருத்துவர்தான். ஆனால் எந்த வகையில் கெட்டவர் என்பதில் நான்கு நூற்றாண்டுகளாக ஒரு பெரும் பிசகு நடந்திருக்கிறது. அவர்மீது நான்கு குற்றச்சாட்டுகள் உண்டு. கொலைக்குத் துணைபோனார், ஆவிகளை அழைத்தார், மருத்துவம் தெரியாமல் மருத்துவம் பார்த்தார், தன்னிடம் வந்த பெண்களிடம் முறைதவறி நடந்தார். முதல் மூன்றும் அவர் காலத்திலும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும் உரக்கப் பேசப்பட்டன. நான்காவதற்காக எந்த மன்றமும் அவரை நிறுத்தி விசாரிக்கவில்லை. இந்த வரிசையையே தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் வாதம். அதற்கான சாட்சியம் முழுவதும் ஃபோர்மனின் சொந்தக் கையெழுத்திலேயே கிடைக்கிறது.

1552 டிசம்பர் 31 அன்று, தென்மேற்கு இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் குவிட்ஹாம்ப்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். சிறுவயதிலேயே தந்தையை இழந்து, சால்ஸ்பரி நகரில் துணி, உப்பு, மூலிகை எல்லாம் விற்ற ஒரு வணிகரிடம் எடுபிடியாகச் சேர்ந்தார். மருந்துச் சரக்குகளின் முதல் அறிமுகம் அங்கேதான். ஆக்ஸ்ஃபர்டில் இரண்டு செல்வ இளைஞர்களுக்குப் பணிவிடை செய்துகொண்டே சிறிது காலம் படித்தார், பட்டம் பெறவில்லை. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார், சிறைக்குப் போனார், ஊர் ஊராகத் திரிந்தார். கடைசியில் லண்டன் வந்து சோதிட மருத்துவராக நிலைபெற்றார். 1592இல் கொள்ளைநோய் நகரைச் சூறையாடியபோது, வசதி படைத்தவர்களும் அவர்களுடைய மருத்துவர்களும் வெளியூர்களுக்கு ஓடினார்கள். ஃபோர்மன் ஓடவில்லை. அவரையும் நோய் பிடித்தது. தன் கட்டிகளைத் தானே கீறி, தான் வடித்த மருந்துநீரைக் குடித்துப் பிழைத்தார். அவருடைய புகழ் அங்கே தொடங்கியது. அந்தத் துணிவை மறைத்துவிட்டு அவரை எடைபோடுவது நேர்மையாகாது.

1596 முதல் 1603 வரையிலான அவருடைய நோயாளிப் பதிவேடுகள் எஞ்சியிருக்கின்றன. அவருடைய மாணவரும் பாதிரியாருமான ரிச்சர்ட் நேப்பியரிடம் போய், பிறகு இலாயஸ் ஆஷ்மோலின் சேகரிப்பில் சேர்ந்து, இன்று ஆக்ஸ்ஃபர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளன. ஃபோர்மன், நேப்பியர் இருவரின் பதிவேடுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 80,000 ஆலோசனைகள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் லாரன் காசெல் தலைமையிலான குழு அவற்றை வகைப்படுத்தி, யாரும் பார்க்கும்படி மின்வடிவில் வெளியிட்டிருக்கிறது.

ஒரு பதிவு இப்படி இருக்கும். மேலே வந்தவரின் பெயர், வயது, நாள், நேரம். அடுத்து அவர் கேட்ட கேள்வி. என்ன நோய்? கர்ப்பமா? கடலுக்குப் போன கணவன் திரும்புவானா? கீழே பன்னிரண்டு வீடுகள் கொண்ட சதுரக் கட்டம். பிறந்த நேரத்துக்குப் போட்ட ஜாதகம் அல்ல இது. கேள்வி கேட்ட நேரத்துக்குப் போட்ட பிரசன்னம். கட்டத்தை ஒட்டி அவருடைய கணிப்பு. சில பதிவுகளில் பேதி மருந்து, ரத்தம் எடுத்தல் போன்ற சிகிச்சைக் குறிப்பு. இத்தனையும் அவசரக் கையெழுத்தில், சுருக்கெழுத்துகளோடு இருக்கும். நோயாளி சொன்னதற்கும் மருத்துவர் நினைத்ததற்கும் இவ்வளவு அருகில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும் ஆவணம் அந்த நூற்றாண்டில் வெகு அபூர்வம்.

இனி குற்றச்சாட்டுகளை எடுத்துக்கொள்ளலாம்.

கொலைப் பழி ஒரு கணமும் நிற்காது. சர் தாமஸ் ஓவர்பரி லண்டன் கோபுரச் சிறையில் இறந்தது 1613 செப்டம்பரில். ஃபோர்மன் இறந்தது 1611 செப்டம்பரில். இடையில் இரண்டு ஆண்டுகள். எஸ்ஸெக்ஸ் சீமாட்டி பிரான்சிஸ் ஹோவர்ட், தன் கணவரை விட்டு ராபர்ட் காரை மணக்க விரும்பினார். தடையாக நின்ற ஓவர்பரி நஞ்சூட்டிக் கொல்லப்பட்டார் என்பது வழக்கு. 1615 நவம்பரில் சீமாட்டியின் தோழி ஆன் டர்னரை விசாரித்தபோது, ஃபோர்மன் வழியாக வந்தவை என்று சொல்லி ஈயத்தில் வார்த்த ஆண், பெண் உருவங்களைச் சபையில் காட்டினார்கள். அந்த நேரம் பார்த்து, கூட்டம் ஏறி நின்ற மரமேடை படாரென்று விரிசல்விட, சாத்தானே வந்துவிட்டான் என்று சபை அலறிக் கலைந்தது. இறந்து நான்கு ஆண்டுகளான ஒருவரின் பெயர் அந்த அலறலில்தான் நிலைத்தது. டர்னர் உட்பட நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்ட சீமாட்டிக்கு மன்னிப்பு கிடைத்தது. உயிரோடு இருந்த பெரிய இடத்துக் குற்றவாளியின் சுமையில் ஒரு பங்கை, பேச முடியாத மந்திரவாதியின் தலையில் இறக்கிவைப்பது பலருக்கும் வசதியாக இருந்தது.

ஆனால் அந்த வழக்கில் இன்னொன்றும் வெளிவந்தது. சீமாட்டி ஃபோர்மனுக்கு எழுதிய கடிதத்தில் அவரைத் தந்தையே என்று விளிக்கிறார். தான் விரும்பியவரின் அன்பு தன்னைவிட்டுப் போய்விடக் கூடாது, கணவர் தன்னை நெருங்கக் கூடாது என்ற பதைப்பு அதில் இருக்கிறது. பதினைந்து வயதளவில் மணம் முடித்துவைக்கப்பட்டு, இருபதை ஒட்டிய வயதில் அகப்பட்டுத் தவித்த பெண் அவர். வசியத்துக்கு வழி சொல்லிக் கொடுத்து அந்தத் தவிப்பை ஃபோர்மன் தொழிலாக்கிக்கொண்டார் என்றால், அது கொலை ஆகாது. குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. தலைமை நீதிபதி எட்வர்ட் கோக், ஃபோர்மனின் ஏட்டை விரித்ததும் முதல் பக்கத்தில் தன் மனைவியின் பெயரையே பார்த்தார் என்று ஒரு வதந்தி அப்போது உலவியது. உண்மையோ பொய்யோ, மக்கள் மனத்தில் இருந்த பயத்தை அது காட்டிக்கொடுக்கிறது. மேடையில் சாத்தானைக் கண்டு அலறியவர்கள், உள்ளூர அஞ்சியது அந்த ஏட்டுக்குத்தான்.

இரண்டாவது, ஆவிகளை அழைத்தது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. 1588இல் இந்த வித்தையைத் தொடங்கியதாக, தேவதைகளையும் ஆவிகளையும் அழைக்கத் தொடங்கியதாக, அவரே நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ‘ஆர்ஸ் நோட்டோரியா’ என்ற மந்திர நூலை ஒரு தடவைக்கு மேல் கைப்பட நகலெடுத்தார். நல்ல நேரம் பார்த்து மோதிரங்களும் தகடுகளும் செய்தார். இதையெல்லாம் இரகசியமாக வைத்துக்கொள்ளக் காரணமும் இருந்தது. 1563ஆம் ஆண்டுச் சட்டப்படி கெட்ட ஆவிகளை அழைப்பது, எந்த நோக்கத்துக்காக என்றாலும், மரண தண்டனைக்குரிய குற்றம். தன் கழுத்துக்குக் கயிறாகக்கூடிய வரியைத் தானே எழுதிவைத்தவர் ஃபோர்மன்.

ஆனால் அந்தக் காலத்தின் அறிவுலகத்தில் வைத்துப் பார்த்தால் அவர் தனித்துத் தெரிவதில்லை. எலிசபெத் அரசியின் மதிப்பைப் பெற்றிருந்த ஜான் டீ, நம் ஊரில் மை போட்டுப் பார்ப்பதைப் போலப் பளிங்கில் பார்க்கும் ஒருவரை வைத்துக்கொண்டு தேவதைகளோடு பல ஆண்டுகள் பேசினார். நேப்பியர், திருச்சபைப் பணியில் இருந்துகொண்டே ரபேல் தேவதையிடம் நோயாளிகளைப் பற்றிக் கேட்டார். கடவுளின் படைப்பை முழுதாக அறிய வேண்டும் என்ற வேட்கை, வானியல், இரசவாதம், மந்திரம் என்று எல்லாக் கதவுகளையும் தட்டிய காலம் அது. ஆவிகளை அழைப்பது இறந்தவர்களின் அமைதியைக் குலைக்கும் பாவம் என்று யாராவது சொன்னால், இறந்தவர்களின் உடலைத் தொட்ட பாவத்தையும் கணக்கிட வேண்டும்; அதில் மதிப்புமிக்க மருத்துவம்தான் முன்னே நிற்கும். தூக்கிலிடப்பட்ட நால்வரின் உடல்களை ஆண்டுதோறும் அறுத்துப் பார்க்க 1540ஆம் ஆண்டுச் சட்டம் நாவித அறுவையாளர்களுக்கு உரிமை தந்தது. பதப்படுத்திய பிணத்தின் தூள் மருந்துக்கடைகளில் விற்றது. 1685இல் மரணப் படுக்கையில் கிடந்த இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு, அரச மருத்துவர்கள் மனித மண்டையோட்டிலிருந்து வடித்த மருந்தைக் கொடுத்தார்கள். ஃபோர்மன் அழைத்த ஆவிகள் யாருக்கும் தீங்கு செய்ததாகச் சான்றில்லை. யாரையும் குணப்படுத்தியதாகவும் இல்லை. வீண் முயற்சி என்று சொல்லலாம். அவருடைய பெயருக்கு நிரந்தரக் கறை ஆகும் அளவுக்கு அதில் எதுவுமில்லை.

மூன்றாவது, போலி மருத்துவர் என்ற பழி. லண்டன் மருத்துவர் கல்லூரி 1594இல் அவரை அழைத்து விசாரித்தது. நோயறிய வானியல் பஞ்சாங்கம் ஒன்றே போதும் என்று அவர் சொல்ல, தேர்வாளர்கள் சிரித்தார்கள். அபராதம் விதித்தார்கள், பிற்பாடு சிறைக்கும் அனுப்பினார்கள். ஃபோர்மன் தேம்ஸ் நதிக்குத் தெற்கே லாம்பெத்துக்குக் குடிபெயர்ந்து தொழிலைத் தொடர்ந்தார். 1603இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு மருத்துவம் பார்க்க உரிமம் வழங்கியது. கல்லூரியின் சிரிப்பு வெளியாரைக் கண்ட அதிகாரத்தின் சிரிப்பு. அதன் உறுப்பினர்கள் படித்திருந்த கேலனின் நால்வகை உடல்நீர்க் கோட்பாடும், அன்றைய மருத்துவர்கள் குப்பியில் சிறுநீரைத் தூக்கிப் பிடித்துச் சொன்ன நோய்க்கணிப்பும், ஃபோர்மனின் கட்டத்தைவிட உண்மைக்கு நெருக்கமானவை அல்ல. கொள்ளைநோய்க் காலத்தில் ஊரில் இருந்தது யார் என்ற கேள்விக்கும் அவர்களிடம் நல்ல பதில் இருந்திருக்காது.

இங்கே அண்மைக்கால ஆய்வாளர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். 2001இல் பார்பரா ஹோவர்ட் டிரைஸ்டரும் 2005இல் லாரன் காசெலும் எழுதிய நூல்கள், ஃபோர்மனை வேடிக்கைப் பொருளாகப் பார்க்கும் வழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவந்தன. கிடைத்ததையெல்லாம் படித்து, நகலெடுத்து, சோதித்து, எழுதிக்கொண்டே இருந்த உழைப்பாளி ஒருவரை அவர்கள் மீட்டுத் தந்தார்கள். 1596இல் கருப்பை நோய்களைப் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதியவர் அவர். பெண்கள் திரும்பத் திரும்ப அவரிடம் வந்தார்கள் என்றால், அவர் காதுகொடுத்துக் கேட்டார் என்பதும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். ஆகவே போலி என்ற சொல் பொருந்தாது. அந்தக் காலத்து மருத்துவத்தின் எல்லைக்குள் அவர் மருத்துவர்தான். அடுத்த குற்றச்சாட்டின் கனமும் அதனால்தான் கூடுகிறது. வேடதாரி நம்பிக்கையை ஏமாற்றிப் பறிக்கிறான். ஃபோர்மன் அதை நியாயமாகச் சம்பாதித்து, பிறகு அதை விற்றுத் தின்றார்.

நான்காவது குற்றச்சாட்டுக்கு அவருடைய ஏடுகளே போதும். உடலுறவைக் குறிக்க ‘ஹாலெக்’ என்று ஒரு சங்கேதச் சொல்லை வைத்திருந்தார். அந்தச் சொல் அவருடைய குறிப்புகள் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. சிகிச்சைக்கோ பலன் கேட்கவோ வந்த பெண்கள் பலர் அதன் பக்கத்தில் பெயரோடு நிற்கிறார்கள்.

ஒருவரை மட்டும் பார்க்கலாம். எமிலியா லேனியர் 1597 மே மாதம் ஃபோர்மனிடம் முதன்முதலாக வருகிறார். அரசவை இசைக்கலைஞர் குடும்பத்துப் பெண். முன்பு ஒரு பெரிய பிரபுவின் ஆசைநாயகியாக இருந்து, கருவுற்றதும் இன்னொரு இசைக்கலைஞருக்கு மணம் செய்துவைக்கப்பட்டவர். கடற்படையெடுப்பில் போகும் கணவருக்குப் பட்டம் கிடைக்குமா என்று கேட்கிறார். கருச்சிதைவுகளைப் பற்றிச் சொல்கிறார். கையிருப்பு கரைந்துவிட்டதைச் சொல்கிறார். ஃபோர்மன் எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறார். சில மாதங்களில், அதே ஏட்டுப் பழக்கத்தில், அதே பன்னிரண்டு வீட்டுக் கட்டத்தைப் போட்டு, இந்த முறை கேள்வியைத் தானே கேட்கிறார்: இவளிடம் போனால் இணங்குவாளா? போகிறார். அவர் எண்ணியது முழுதாக நடக்கவில்லை. எமிலியா எல்லையைத் தானே வகுத்திருக்கிறார் என்று குறிப்பிலிருந்து தெரிகிறது. அதன்பின் ஃபோர்மனின் எழுத்தில் அவரைப் பற்றிய கசப்பு ஏறுகிறது.

இந்த இரண்டு கட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது வழக்கு முடிந்துவிடுகிறது. கணவர் வெளியூரில் இருக்கிறார், பணமுடை இருக்கிறது, உடம்பு நொந்திருக்கிறது என்பவை ஒரு பெண் மருத்துவரிடம் நம்பிச் சொன்ன செய்திகள். அவற்றை மனத்தில் வைத்துக்கொண்டே அவளை அடையும் வழியைக் கணக்கிடுகிறார். நோயறியும் கருவி வேட்டைக் கருவியாகிறது. மந்திரவட்டத்துக்குள் நின்று அவர் செய்த எதுவும் இதன் பக்கத்தில்கூட வராது.

இதை எப்படிப் படிப்பது என்பதில் ஏ. எல். ரௌஸ் பெரிய வழிகாட்டி, பெரிய திசைதிருப்பியும்கூட. 1974இல் வெளிவந்த அவருடைய நூல்தான் ஃபோர்மனின் ஏடுகளைப் பொதுவாசகருக்குக் கொண்டுவந்தது. கடினமான கையெழுத்தில் மூழ்கி எலிசபெத் காலத்து லண்டனின் மூச்சை வெளியே எடுத்த உழைப்பு அவருடையது. ஆனால் அவருடைய கண் ஷேக்ஸ்பியர்மேல் இருந்தது. கவிஞரின் சானட்டுகளில் வரும் கருநிறப் பெண் எமிலியாதான் என்று அறிவித்தார். இளமையில் பகட்டாக இருந்தவர் என்று ஃபோர்மன் எழுதியதை மாநிறத்தவர் என்று அவர் பிழையாகப் படித்திருந்தது பிறகு தெரியவந்தது. வாதத்தின் முக்கியமான தூண் அதோடு சாய்ந்தது. அந்தப் பிழையைவிடப் பெரிய குறை வேறு. ஃபோர்மனின் ஆசைக்குறிப்புகள் ரௌஸின் கையில் ஒரு காலத்தின் சுவையான வாழ்க்கைச் சித்திரமாகின்றன. வேட்டையாடியவரின் உற்சாகம் எழுதுபவரையும் தொற்றிக்கொள்கிறது. அறைக்கு வந்தவர் நோயாளி என்ற உண்மை பின்னால் போய்விடுகிறது. டிரைஸ்டரும் காசெலும் இந்த உற்சாகத்தைத் தவிர்த்துவிட்டார்கள். ஃபோர்மனைப் புரிந்துகொள்வது அவர்களுடைய வேலை. தீர்ப்பளிப்பதை வாசகருக்கு விட்டார்கள். அந்த வேலையை வாசகர் செய்தாக வேண்டும்.

தீர்ப்புக்கு எதிராக மூன்று வாதங்கள் வரும். நானூறு ஆண்டுக்கு முந்தைய மனிதரை இன்றைய ஒழுக்கத்தால் அளக்கலாமா என்பது முதலாவது. இன்றைய ஒழுக்கம் தேவையே இல்லை. மருத்துவர் தான் நுழையும் வீட்டுப் பெண்களிடமும் ஆண்களிடமும் முறைதவறிச் சேரக் கூடாது என்பது ஹிப்போகிரட்டீஸ் உறுதிமொழியிலேயே உண்டு. ஃபோர்மனின் நூற்றாண்டில் படித்த மருத்துவர்கள் அறிந்த உறுதிமொழி அது. பெண்கள் சிலர் விரும்பியே வந்தார்கள் என்பது இரண்டாவது. உண்மை, அவிசா ஆலன் என்ற மணமான பெண்ணோடு அவருக்கு இருந்த உறவு பல ஆண்டுகள் நீடித்தது, அதில் இருபக்கமும் அன்பு இருந்ததற்கு அடையாளங்கள் உண்டு. ஆனால் ஒருவரின் அன்பு மற்றவர்களின் சம்மதத்துக்குச் சான்றாகாது. தன் இரகசியங்கள் அனைத்தையும் எழுதிவைத்திருக்கும் ஒருவரிடம் மறுப்புச் சொல்லும் பெண்ணுக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதையும் எண்ண வேண்டும். வெளியே புகார் சொன்னால் போவது அவளுடைய பெயர்தான்.

மூன்றாவது வாதம் கொஞ்சம் நுட்பமானது: எதையும் மறைக்காமல் எழுதிவைத்தவரை அந்த நேர்மைக்காகவாவது மன்னிக்கலாகாதா? எழுதிவைத்தார், ஆனால் தனக்கு மட்டும். தனக்கான ஏட்டிலும் சங்கேதச் சொல்லுக்குள் ஒளிந்துகொண்டார். ஆவிகளை அழைத்ததை அதே நாட்குறிப்பில் வெளிப்படையாக எழுதத் துணிந்தவருக்கு இதை எழுதும்போது திரை தேவைப்பட்டது என்பது கவனிக்க வேண்டியது. மரண தண்டனைக்குரிய செயலைவிட, உயிருக்கு ஆபத்தில்லாத செயலை அவர் கூடுதலாக மறைத்தார். எது தவறு என்று அவருக்கே தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆகவே தீர்ப்பு இது. ஓவர்பரி கொலையில் ஃபோர்மன் குற்றமற்றவர். ஆவி வித்தையில் தன் காலத்துப் பேதைமையின் பங்காளி, அவ்வளவே. போலி மருத்துவர் என்ற பழி தொழிற்போட்டியில் பிறந்தது, அதைத் தள்ளிவிடலாம். நோயாளிகளின் நம்பிக்கையைத் தன் இச்சைக்குப் பயன்படுத்தியதில் அவர் முழுக் குற்றவாளி. கொள்ளைநோயில் காட்டிய துணிவு அவருடைய கணக்கில் வரவாக நிற்கும். இந்தக் கடனை அது தீர்க்காது.

இதைத் திருத்திச் சொல்வதில் ஒரு மனிதரின் நற்பெயரைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. இரவில் வட்டம் வரைந்து ஆவிகளை அழைக்கும் தீய மருத்துவர் கதை விறுவிறுப்பானது. அதைப் படிக்கும் எவருக்கும் அவர் வேறு இனம், வேறு காலம் என்ற நிம்மதி கிடைக்கிறது. நோயாளி சொன்ன பலவீனத்தை ஆதாயமாக்கும் மருத்துவருக்கோ மந்திரவட்டமும் வேண்டாம், நள்ளிரவும் வேண்டாம்; பட்டப்பகலில், உரிமத்தோடு, ஆலோசனை அறையில் உட்கார்ந்திருப்பார். நீதிமன்றத்தில் பேய்க்குப் பயந்து அலறிய கூட்டம் இவரைக் கண்டுபிடிக்கவே முடியாது. மருத்துவர் கல்லூரியும் உரிமம் இருக்கிறதா என்று கேட்டதே தவிர, அவருடைய அறைக்குள் வந்த பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கவில்லை.

ஃபோர்மன் மறைந்த அதே 1611இல் எமிலியா லேனியர் தன் கவிதை நூலை அச்சிட்டார். தன் சொந்தக் கவிதைகளைக் கவிஞராகவே முன்வந்து நூலாக வெளியிட்ட ஆங்கிலப் பெண்களில் முதன்மையானவர் அவர்; உலகின் முதல் பாவத்தை ஏவாளின் தலையில் மட்டும் சுமத்துவது அநீதி என்று அதில் வாதாடினார். ஃபோர்மனின் ஏட்டில் ஒரு கட்டத்துக்கு மேலே எழுதிய பெயராகவும், ரௌஸின் நூலில் இன்னொரு கவிஞரின் காதலியாகவும் நின்றவர், தனக்கென்று ஒரு குரல் உள்ளவர். அந்தப் பதிவேடுகளில் உள்ள மற்ற பெண்களுக்கு அப்படி ஒரு நூல் இல்லை. அவர்கள் சொன்னது ஃபோர்மனின் அவசரக் கையெழுத்தில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. ஆகவே அந்த ஏடுகளை மந்திரவாதியின் மர்மச் சுவடிகளாகப் படிப்பதை நிறுத்தி, மருத்துவரை நம்பி வந்தவர்களின் வாக்குமூலங்களாகப் படிக்க வேண்டும். அப்படிப் படிக்கும் ஒவ்வொருவரும், 1594இல் மருத்துவர் கல்லூரி கேட்கத் தவறிய கேள்வியைக் கேட்கிறார்கள்.